அட்டைப்படப் பெண்ணுக்கு உடுப்பு மாட்டிய பிலோமினா அக்கா

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவி கேட்பாள். ஒரு வேலையும் இல்லை, டீ குடிக்கப் போகிறேன். வீட்டு டீயில் குறை ஒன்றும் கிடையாது என்பதையும் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அச்சகத்தில் டிசைன் பார்க்கும் அனிதா என்னைக் கண்டதும் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். அறிவியல் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை. இப்போதெல்லாம் ஓவியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. என்ன படம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்துவிடுகிறது. அவள் எழுதிக் கொடுத்தது, விண்வெளியில் கப்பலைப் பழுது பார்க்கும் பெண் பொறியாளர். வந்த படத்தில் அந்தப் பொறியாளருக்குக் கழுத்திலிருந்து தொப்புள் வரை ஜிப் திறந்து கிடந்தது. கையில் ஸ்பேனர் இருந்தது. ஆனால் கல்யாண வரவேற்பில் பூச்செண்டு பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்திருந்தாள்.

"நான் இப்படிக் கேக்கவே இல்ல சார். அதையே ஆம்பளைன்னு மாத்திக் கேட்டா கழுத்து வரைக்கும் மூடித் தருது" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோவிச்சுக்காதம்மா. இது எங்க காலத்து அட்டையெல்லாம் பாத்துப் படிச்சிருக்கும் போல. மூஞ்சியைக்கூட எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு" என்றேன். "அப்போ ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா சார்?" என்று கேட்டாள்.

ஒருவர் சொன்னார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏரல்காரன். எனக்கும் கல்லூரிப் படிப்புக்கும் ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகு மாமா ஒருவர் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்து இந்த அச்சகத்தில் சேர்த்துவிட்டார். உப்புப் பாக்கெட்டு, தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று எல்லாம் அடிப்போம். என்னை ஃபிலிம் பிரிவில் போட்டார்கள். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணப்படம் ஒன்றை அச்சடிக்க நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு ஃபிலிம் வேண்டும். ஒவ்வொன்றிலும் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். புள்ளி பெரிதாக இருந்தால் அந்த நிறம் தூக்கும், சிறிதானால் அடங்கும். புள்ளியைச் சிறிதாக்க மருந்து உண்டு. சிறிதாக்கிய புள்ளியைத் திரும்ப வளர்க்க உலகத்தில் மருந்து கிடையாது. ஆகவே எங்கள் வேலையில் அவசரக்காரனுக்கு இடமில்லை. நான் அவசரக்காரன். பிலோமினா அக்கா என்னை வைத்து மேய்த்தார்.

அக்காதான் பிரிவுக்குத் தலைவி. அவருடைய அப்பா தோணிகளுக்குப் பெயர் எழுதியவர். எழுத்தும் தூரிகையும் அக்காவுக்கு வீட்டிலேயே கைவந்துவிட்டன. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட நூல் சேலை, தோளில் எப்போதும் ஒரு பின். நம் ஊர் உப்புக் காற்றில் வேர்வைக்கு என்ன குறை? ஒரு சொட்டு ஃபிலிமில் விழுந்தால் போச்சு. அதனால் வலது மணிக்கட்டில் ஒரு லேஞ்சியைச் சுற்றிக் கட்டியிருப்பார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், லேஞ்சி என்றால் கைக்குட்டை. ஃபிலிமைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவார். நாங்களும் கழுவினோமா என்று கேட்க மாட்டார், கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். மத்தியானம் மீன் சாப்பிட்டவன் பாடு திண்டாட்டம்தான்.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கெட்டுப்போன வேலையைத் தூக்கி, அடியில் விளக்கு எரியும் வெளிச்சப் பலகையில் வைத்துவிட்டு, கெடுத்தவனையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தன் லட்சணத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதைவிட இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அச்சக முதலாளிக்கு அறிவியல் கதை என்றால் உயிர். ஆழ்வார்திருநகரிக்காரர், உப்பு லேபிளில் சம்பாதித்ததைக் கொண்டு ஒரு மாத இதழ் நடத்தினார். இதழின் பெயர் வேண்டாம். வேற்றுக்கிரகம், இயந்திர மனிதன், காலத்தைத் தாண்டிப் போகிற வண்டி என்று உள்ளே நல்ல கதைகள் வரும். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அட்டையைப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அட்டை வரைந்தவர் வெளியூர் ஓவியர். கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பிரபஞ்சத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. ஆண் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் தலையில் கவசம், முதுகில் காற்றுக் குடுவை, காலில் பூட்ஸ். கூடப் போகிற பெண்ணுக்கு இரண்டு துண்டுத் துணி. அவர் வரைந்த செவ்வாய்க் கிரகத்தில் குளிர் ஆணுக்கு மட்டும் அடித்தது. காற்றில்லாத வெளியில் பெண்ணின் கூந்தல் மட்டும் பறந்தது. அவன் துப்பாக்கி நீட்டுவான், அவள் வாயைத் திறந்துகொண்டு அவன் காலடியில் கிடப்பாள். கடைக்காரர்கள் அந்த இதழைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவார்கள். வாங்குகிறவர்கள் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே இருந்தது வியாழனின் துணைக்கோளைப் பற்றிய கதை, அதற்குத்தான் இந்த மறைப்பு.

புது அட்டை வரும்போதெல்லாம் அக்கா ஒன்று செய்வார். படத்தை மேசையில் வைத்து, கட்டைவிரலால் ஆணை மறைப்பார். "இப்ப இந்தப் புள்ள என்ன வேல பாக்கா?" என்று எங்களைக் கேட்பார். ஆணை மறைத்துவிட்டால் அந்தப் பெண் எதற்குக் கத்துகிறாள், எதற்குக் கிடக்கிறாள் என்று ஒன்றுமே புரியாது. பிறகு விரலைப் பெண்ணின் மேல் மாற்றி வைப்பார். அவன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருப்பான். "இவனுக்கு வேல இருக்கு. இவளுக்கு உடம்பு மட்டும்தான் இருக்கு" என்பார். ஆபாசம் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கேள்வி வேறு. "இவ எப்படி மூச்சு விடுதா?"

முதலாளியிடமும் கேட்டார். அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். "நான் என்னம்மா செய்ய? மதுரை ஏஜென்ட் அப்படிக் கேக்கான். அட்டையில பொண்ணு இல்லன்னா கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிருவேங்கான்." பாதிப் பிரதிகள் அந்த ஏஜென்ட் கை வழியாகத்தான் போயின. "பொண்ணு இருக்கட்டும் அண்ணாச்சி. உசுரோட இருக்கட்டும்னுதான் சொல்லுதேன்" என்றுவிட்டு அக்கா தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். அட்டை மட்டும் மாறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். தருவைகுளத்துப் பெண், தூத்துக்குடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கூடவே அவளுடைய அப்பா மிக்கேல். சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போயிருந்தன. மகள் எழுதிய கதையை முதலாளி ஏற்கெனவே படித்துத் துள்ளிக் குதித்துவிட்டார். அதையே அட்டைக் கதையாகப் போடப்போவதாகச் சொல்லத்தான் வரச்சொல்லியிருந்தார்.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு என்று சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனுடைய கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கயிறு அசைந்த உடனே இழுக்காவிட்டால் தாலி அறுப்பது அவனுடைய சொந்த அக்காவோ தங்கையோ அல்லவா? அதனால் கண்ணை எடுக்க மாட்டான். ஸ்டெல்லா இந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வியாழனின் துணைக்கோள் ஒன்றில், பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் கடலில் வைத்துவிட்டாள். அங்கே குளிக்கப் போவது ஒரு பெண். அவளுடைய கயிற்றை யார் பிடிப்பது? கணவனின் அக்கா பிடிக்கட்டும் என்கிறார்கள் பெரியவர்கள். அவள் முடியாது என்கிறாள். 'நான் செத்தால் என் நாத்தனார் மறுவாரமே தம்பிக்குப் பெண் பார்க்கப் போய்விடுவாள்' என்கிறாள். கடைசியில் அடுத்த முறை கடலில் இறங்கப்போகிற இன்னொரு பெண்ணைக் கயிறு பிடிக்க வைக்கிறாள். இவள் பிழைத்து வந்தால்தான் அவளுக்குக் கயிறு பிடிக்க ஆள் உண்டு. நம் ஊர்க் கயிறு இவ்வளவு தூரம் நீளும் என்று நான் நினைத்ததே கிடையாது.

மிக்கேல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "கதையைப் போடுங்க அண்ணாச்சி. வாசிச்சுக் காட்டுனா, நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் மக பேரு வரக்கூடாது" என்றார். பஸ் ஸ்டாண்டு கடையில் எங்கள் இதழ் தொங்குவதை அவர் பார்த்திருக்கிறார். "அந்த மாதிரிப் படத்துக்குப் பக்கத்துல எம் மக பேரைப் பாத்தா ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். புஸ்தகம் வரட்டும். அட்டையைப் பாக்கேன். பாத்துட்டு, இவ மேக்கொண்டு எழுதணுமா வேண்டாமான்னு சொல்லுதேன்."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முதலாளி அசடு வழியச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒரு படம் வரைவார். அது மோசமாக இருந்தால் தண்டனை இந்தப் பெண்ணுக்கு! ஆனால் மிக்கேலைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த அட்டையை அச்சடித்துக் கடைக்கு அனுப்பியது நாங்கள்தானே. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் பிலோமினா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஓவியரிடமிருந்து அட்டைப்படம் வந்தது. முதலாளி கதையைச் சுருக்கமாக எழுதி அனுப்பியிருந்தார், அவர் அதில் முத்து, பெண், கடல் என்ற மூன்று சொல்லை மட்டும் படித்திருப்பார் போலிருக்கிறது. பனிக்கடலுக்கு அடியில் ஒரு பெண் மல்லாந்து மிதக்கிறாள். இரண்டு துண்டுத் துணி. கழுத்தில் முத்துமாலை. கயிறு இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது, அது அவள் தொடையில் கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு எங்கும் போகாமல் நின்றது. மேலே பனிமேல் நிற்கிறவன்தான் அற்புதம். உச்சி முதல் உள்ளங்கால் வரை கவச உடுப்பு, கறுப்புக் கண்ணாடி போட்ட தலைக்கவசம், முதுகில் காற்றுக் குடுவை.

அக்கா நெடுநேரம் பார்த்தார். இந்தத் தடவை கட்டைவிரலால் யாரையும் மறைக்கவில்லை.

"மேல நிக்கவனுக்குக் காத்துக் குடுவை. கீழ கிடக்கவளுக்கு முத்துமாலை" என்றார்.

முதலாளிக்கும் படம் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மதுரை ஏஜென்ட் எப்படியோ படத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் இந்த வருஷத்திலேயே நல்ல அட்டை என்று போனில் புகழ்ந்திருந்தார். வேறு படம் வரைய நாளும் இல்லை. நாலு ஃபிலிமும் எடுத்தாகிவிட்டது. அக்கா முதலாளி அறைக்குப் போனார், நான் ஃபிலிம் உறையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் படத்துல கலர் சரியில்ல. நான் கரெக்‌ஷன் பண்ணிக்கிடுதேன்."

"என்ன கரெக்‌ஷன்?"

"படத்தை மாத்தல. நிறத்தை மட்டும்தான் மாத்துதேன். அது எங்க பிரிவு வேலைதானே?"

அது உண்மை. தக்காளி வெளுத்திருந்தால் சிவப்பாக்குவோம், சாமி படத்தில் முகம் கறுத்திருந்தால் தெளிவாக்குவோம். அதற்கெல்லாம் முதலாளியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. இவர் இன்றைக்கு ஏன் கேட்கிறார் என்று முதலாளிக்குப் புரியாமல் இருக்குமா? கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "நிறம்தானே? பாத்துக்கோ" என்றார்.

மனித உடம்பின் தோல் நிறம் அச்சில் எப்படி வருகிறது என்று தெரிந்தால் மீதி எளிது. மஞ்சளும் சிவப்பும்தான் தோல். நீலமும் கறுப்பும் நிழலுக்குக் கொஞ்சம்போல இருக்கும். மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துவிட்டால் தோல் தோலாக இருக்காது. அக்கா அந்த இரண்டு ஃபிலிமையும் வெளிச்சப் பலகையில் போட்டு, பெண்ணின் முகத்தையும் அவளைச் சுற்றியிருந்த கடலையும் வார்னிஷ் பூசி மூடினார். மருந்து அங்கே ஏறாது. கழுத்துக்குக் கீழே உள்ள உடம்பு மட்டும் திறந்து இருந்தது. அதன் மேல் பஞ்சில் மருந்தைத் தொட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தடவினார். உடனே தண்ணீரில் கழுவி, பூதக்கண்ணாடியில் புள்ளியைப் பார்த்தார். மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர்.

"ஏலே தங்கராசு, மூச்சை அங்கன திரும்பி விடு" என்றார். நான் அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றிருக்கிறேன்.

தோல் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு உடம்பு நின்றது. நீல ஃபிலிமில் அந்த உடம்பின் அளவுக்கு வெட்டிய மெல்லிய புள்ளித் தாளை ஒட்டச் சொன்னார், அச்சில் அது நீல உடுப்பாக வரும். அதை நான் ஒட்டினேன். கறுப்பு ஃபிலிமை அக்கா வேறு யாரையும் தொடவிடவில்லை. கவராயத்தை வைத்துத் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், அது கண்ணாடிக் கவசமாயிற்று. வட்டத்துக்கு வெளியே அலைந்த கூந்தலைப் பிளேடு முனையால் சுரண்டினார், கூந்தல் கடலாயிற்று. தோளிலும் முட்டியிலும் உடுப்பின் தையலை நூலாக இழுத்தார். துறைமுகத்தில் கப்பலின் அடிப்பக்கம் பார்க்க இறங்குகிறவர்களின் உடுப்பை அவர் நின்று பார்த்திருக்கிறார். தையல் எங்கே வரும், எங்கே சுருங்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

மிச்சம் இருந்தது முத்துமாலை. அதைச் சுரண்டினால் கழுத்தில் வெள்ளையாகத் தழும்பு விழும், சுரண்டாவிட்டால் கவச உடுப்பின் மேல் நகை போட்ட மாதிரி இருக்கும். நான் யோசனை சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒவ்வொரு முத்தின் நடுவிலும் ஒரு சின்னக் கோடு இழுத்தார். அவ்வளவுதான். முத்தெல்லாம் திருகாணியாகிவிட்டது. தலைக்கவசத்தைக் கழுத்து வளையத்தோடு பூட்டுகிற ஆணி வரிசை! கோடு இழுப்பதற்கு முன்னும் அதே முத்து, பின்னும் அதே முத்து. என் சர்வீசில் எத்தனையோ பெரிய கைகளைப் பார்த்துவிட்டேன், அந்தக் கோட்டுக்கு இணையாக ஒன்றையும் பார்க்கவில்லை.

தொடையில் சுற்றிய கயிற்றைச் சுரண்டி எடுத்து, இடுப்பில் முடிச்சுப் போட்டு, நேராக மேலே கொண்டுபோய் அங்கே நிற்கிறவன் கையில் கொடுத்தார். பிறகு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த உடுப்புக்குள்ள யாரு இருக்கான்னு உனக்குத் தெரியுமாலே?"

"ஆம்பளைதான்க்கா."

"எங்கன எழுதியிருக்கு?"

பார்த்தேன். எங்கேயும் எழுதவில்லை. கறுப்புக் கண்ணாடி, கனத்த உடுப்பு, பூட்ஸ். ஆள் யார் என்று காட்டுகிற அடையாளம் ஒன்றும் இல்லை. முழு உடுப்பு போட்டால் அதற்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அக்கா கறுப்புக் கண்ணாடியை மருந்து வைத்து வெளுக்கச் செய்து, உள்ளே ஒரு பெண்ணின் முகம் வரைந்தார். நெற்றி, மூக்கு, கயிற்றோடு கீழே போகிற பார்வை. ஸ்டெல்லாவின் கதையில் கயிறு பிடித்த பெண் அங்கே வந்து நின்றுவிட்டாள். ஓவியர் தனக்குத் தெரியாமலே அவளுக்கு நல்ல உடுப்பாகத் தைத்துக் கொடுத்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்காவுக்கு மட்டும் திருப்தி வரவில்லை. "இடுப்பு இன்னும் நெளியுது. அதை என்னால ஒண்ணும் செய்ய முடியல" என்று புலம்பிக்கொண்டே லேஞ்சியை அவிழ்த்துப் பிழிந்தார்.

மாதிரி அச்சைப் பார்த்த முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது அதே படமா?"

"அதே படம்தான் அண்ணாச்சி. கலர் கரெக்‌ஷன்."

"ஏஜென்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"கீழ இருக்கவளுக்கு இப்ப மூச்சு வருதுன்னு சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். வந்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, சிறிதாக்கிய புள்ளி திரும்ப வளராது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கோபப்படவில்லை. அச்சுத்தாளைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கட்டைவிரலை மேலே இருந்தவள்மேல் வைத்தார். எடுத்தார். கீழே இருந்தவள்மேல் வைத்தார். ஒருத்தியை மறைத்தால் மற்றவளிடமிருந்து போன கயிறு பாதியில் நின்றது. "ரெண்டு பேருக்கும் வேல இருக்கு பிலோமினா" என்றார். கட்டுகள் திரும்பி வரும், நஷ்டம் என்று தெரிந்தும் மெஷினுக்குப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவரைக் கஞ்சன் என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

அந்த மாதம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இதழை வாங்கினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. மதுரை ஏஜென்ட் போனில் கத்தினார், சொன்னபடி பல கட்டுகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. ஓவியர் தன் கையெழுத்தை ஃபிலிமிலிருந்தாவது எடுக்கச் சொல்லிக் கேட்டார். அக்கா அதற்காகக் காத்திருந்தவர் மாதிரி, "அதையும் சுரண்டிரலாம்" என்றார். ஊருக்குள் கிளிப்பில் தொங்கிய இதழைச் செய்தித்தாளில் சுற்றாமல் வாங்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்தேன். எண்ணிப் பார்க்கவில்லை.

எங்களுக்குக் கவலையெல்லாம் தருவைகுளத்தைப் பற்றித்தான். இதழ் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் ஒரு தகவலும் இல்லை. ஸ்டெல்லாவும் வரவில்லை. அக்கா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூரிகை மட்டும் நிற்கும்.

ஒருநாள் மத்தியானம் மிக்கேல் தனியாக வந்தார். கையில் இதழ் இருந்தது. முதலாளி அறைக்குப் போகாமல், நேராக எங்கள் பிரிவுக்குள் வந்து நின்றார். முதலாளி ஓடி வந்தார். மகள் கூட வரவில்லை. முடிந்தது, அந்தப் பெண்ணின் கதையெழுத்து முதல் கதையோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மிக்கேல் இதழை வெளிச்சப் பலகையில் வைத்து, காய்த்த விரலால் மேலே இருந்த பெண்ணைத் தொட்டார். "இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான்" என்று பிலோமினா அக்கா எழுந்து நின்றார்.

"கயிறு பிடிச்சிருக்கவ கண்ணு கீழ இருக்கு. வேற எங்கேயும் பாக்கல" என்றார் மிக்கேல். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "எம் மக பேரு எங்க?"

முதலாளி திகைத்துப்போனார். "நீங்கதானே போடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"அது படத்தைப் பாக்கதுக்கு முன்னால சொன்னது."

"அச்சடிச்சாச்சே மிக்கேல். இனி அடுத்த கதைக்குத்தான் பேரு போட முடியும்" என்றார் முதலாளி.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அடுத்த கதை எழுதுதாளா?"

"எழுதிக்கிட்டு இருக்கா" என்றார் மிக்கேல். "அவளை நான் எந்திரிக்க விடல. குசினியில சோறு நான்தான் வடிச்சு வச்சுட்டு வாரேன்."